கேட்காமல் வரைந்த கால்

கால் வரைவதைப் போலக் கழுத்தை அறுக்கிற வேலை வேறு கிடையாது. முகம் சொன்ன பேச்சு கேட்கும். புருவத்தை ஒரு கோடு தூக்கினால் சிரிக்கும், இறக்கினால் அழும். கை கொஞ்சம் அடம்பிடிக்கும், அதட்டினால் வழிக்கு வரும். கால் அப்படியல்ல. நிற்க வேண்டும், மடங்க வேண்டும், நடந்தால் பாதம் தரையில் பாவ வேண்டும். இம்மி பிசகினாலும் எண்ணெய் கொட்டிய தரையில் ஆள் வழுக்கிக்கொண்டு போவது மாதிரி இருக்கும். அதனால் பெரியவள் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஆரம்பத்திலேயே முடிவு கட்டிவிட்டார்கள்: கால் வேண்டாம்.

"பேசறதுக்கு வாய் போதும். கேக்கறதுக்குக் காது போதும். கால் எதுக்கு, எட்டி உதைக்கவா?" என்றார் தலைவர். எந்தப் பேச்சையும் "சரி சரி" என்று முடிக்கிறவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே சரிசரி.

நோயில் கிடக்கும் இளவட்டங்கள் வீட்டிலிருந்தோ ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தோ ஆலோசகரோடு இணையத்தில் பேசுவதற்கான ஏற்பாடு அது. மொட்டைத் தலையையும் வீங்கிய முகத்தையும் காட்டப் பிடிக்காதவர்கள் ஆளுக்கொரு பொம்மையைச் செய்து, அதற்குள் புகுந்துகொண்டு பேசலாம். தோல், முடி, கண்ணாடி, சட்டை எல்லாம் அவரவர் இஷ்டம். இவர்கள் வாய் அசைந்தால் பொம்மையின் வாயும் அசையும். விளம்பரத்தில் அதற்கு 'அவதார்' என்று பெயர், அலுவலகத்தில் பொம்மைதான். அவற்றை வரைவது பெரியவள். ஆட்டி வைப்பது எலி என்கிற கணினிக்காரன். நாள் முழுக்க எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பான். பிள்ளைகளோடு பேசுகிற ஆலோசகருக்கு, பேசுவதைவிடக் கேட்பதே அதிகம் என்பதால், 'காது' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த அம்மாளும் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை.

காலில்லாத குறையை மறைக்கப் பெரியவள் ஒரு மேஜையை வரைந்து நடுவில் போட்டாள். காது அந்தப் பக்கம், பிள்ளை இந்தப் பக்கம். மேஜைக்குக் கீழே வெறும் வெள்ளை. அங்கே யாரும் பார்க்கப்போவதில்லை.

வீட்டிலோ ஒரே ஒரு கால் மொத்தக் குடும்பத்தையும் ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தது. பெரியவளின் தம்பி சின்னவனின் இடது கால். பதினேழு வயதில், விளையாடி விழுந்த வீக்கம் என்று எல்லோரும் நினைத்தது எலும்பிலேயே வளர்ந்த கட்டி என்று தெரிந்தது. சிகிச்சைக்காக அவனை அக்காவின் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, வாய் புண்ணானது, கட்டி கொஞ்சம் சுருங்கியது. இனி முட்டிக்கு மேலே வைத்து எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் மேலே ஏறும் என்றார் டாக்டர்.

சின்னவன் ஒரே வார்த்தையில் "முடியாது" என்றான்.

அம்மா செங்கல் சூளையில் கல் சுமக்கிறவள். அப்பா லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். அந்த வீட்டில் கால் என்பது சோறு. "ஒத்தக் காலோட என் பிள்ளை என்னடி பண்ணுவான்? நான் செத்தப்புறம் யாரு கஞ்சி ஊத்துவா?" என்று அம்மா போனில் ஒப்பாரியே வைத்தாள். அப்பா அழவில்லை. "அவன் காலு. அவன் சொல்லட்டும். அவன் சொல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். டாக்டரும், முரண்டு பிடிக்கிற பிள்ளையை இழுத்துப்போய்ப் படுக்கவைத்து அறுக்க முடியாது, ஆலோசகரிடம் பேசவையுங்கள் என்றார்.

ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் பொம்மை செய்தவள் தம்பிக்குச் செய்யமாட்டாளா?

"என்னக்கா இது, எல்லா மூக்கும் நம்ம அம்மா மூக்காவே இருக்கு?" என்றான் அவன், திரையைப் பார்த்து.

"வேற மூக்க நான் அவ்வளவு கிட்டத்துல பாத்ததில்லடா."

"மீசை எங்க?"

"உன் வயசுக்கு எதுக்கு மீசை?"

"தலையில போனத மூஞ்சியில வச்சுக்கறேன். பெருசா போடு. வாசக்கூட்டற தொடப்பம் கணக்கா இருக்கணும்."

போட்டாள். தோலுக்குப் பச்சை நிறம் கேட்டான், அதையும் கொடுத்தாள். தவளைக்கு மீசை வைத்தது போல ஒன்று திரையில் உட்கார்ந்து பல்லைக் காட்டியது. எலி அதைப் பார்த்துவிட்டு, "இது உன் தம்பியா? குடும்ப ஜாடை இருக்குல்ல!" என்றான்.

வீட்டில் இருந்தது ஒரே அறை. குறுக்கே ஒரு திரைச்சீலையைக் கட்டி அந்தப் பக்கம் சின்னவனின் கட்டில். பேசுகிற நேரத்தில் பெரியவள் வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். சிரிப்புச் சத்தம் கேட்கும். வீட்டில் அவன் சிரித்தே நாளாகியிருந்தது. காசு கொடுத்தாலும் கிடைக்காத சிரிப்பு, அதுவும் அவள் வரைந்த மீசைக்குள்ளிருந்து வருகிறது என்று முதலில் பூரித்துத்தான் போனாள்.

"என்னடா, அவ்வளவு நல்லாவா இருக்கு?"

"அங்க ஒரு சௌகரியம்க்கா. யாருக்குமே கால் இல்ல. அந்த அம்மாவுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. ஒருத்தர ஒருத்தர் பாத்து உச்சுக்கொட்ட வேண்டியதில்ல."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. சோம்பேறித்தனத்துக்குப் போட்ட மேஜை, இவனுக்கு ஒளிந்துகொள்ளத் தோதாகப் போய்விட்டதே. இங்கே கட்டிலில் கால் வீங்கிக் கிடக்கிறது, அங்கே போய்க் காலே இல்லாத ஊரில் குடித்தனம் நடத்துகிறான்.

ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவளும் அவனைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"கால் விஷயம் பேசினியாடா அவங்ககிட்ட?"

"பேசினோம், பேசல. உனக்கெதுக்கு? உன் வேலை மூக்கு வரையறது."

"திமிரப் பாரு."

"நேத்து கேட்டாங்க, அங்க அந்த மேஜையில எப்படி இருக்கேன்னு. நல்லாத்தான் இருக்கேன்னேன். 'கால் இல்லாமலா?'ன்னாங்க. அட, ஆமால்லன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம்." பிறகு போர்வையை இழுத்து முட்டியை மூடிக்கொண்டு, "அப்புறம் ரொம்ப நேரம் நான் ஒண்ணும் பேசல. அவங்களும் பேசல" என்றான்.

அவன் ஆற்றில் ஒரு காலை வைத்து ஆழம் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. வீடு பற்றி எரிகிறபோது இரண்டு பேர் உட்கார்ந்து சிரித்தார்களாம், சும்மாயிருந்தார்களாம் என்றுதான் அவள் காதில் விழுந்தது. பாரம் எதிரில் கிடந்தால் குனிந்து தூக்கு, பார்த்துக்கொண்டு நின்றால் அது குறையாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வீட்டுப் பெண். காத்திருப்பது என்றால் அவளுக்குச் சும்மா இருப்பது.

அந்தச் சமயம் பார்த்து ஓர் ஆஸ்பத்திரி முழு உடம்புப் பொம்மை கேட்டது. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், செயற்கைக் கால் எல்லாம் வேண்டுமாம். முழு உடம்பென்றாலே முகத்தைச் சுளிக்கிற பெரியவள் தானாகக் கையைத் தூக்கியதைப் பார்த்து சரிசரிக்கே ஆச்சரியம்.

வெறியாக வரைந்தாள். செயற்கைக் கால் செய்கிற பட்டறைக்குப் போய் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, ஆட்கள் மாட்டிக்கொண்டு எழுவதையும் நடப்பதையும் பார்த்தாள். ஓட்டக்காரர்கள் மாட்டுகிற ஒன்று அங்கே தொங்கியது. பாதமே கிடையாது, வில்லை வளைத்து நிறுத்தியது போல ஒரே பட்டை. அதை மாட்டியிருந்தவன் நடக்கவில்லை, துள்ளினான். பெரியவள் அதை வரைந்தாள். அழித்து அழித்து வரைந்தாள். மிதித்தால் அமுங்கும், விட்டால் எம்பும். வாழ்நாளில் அவள் வரைந்த கால்களிலேயே தரையில் சரியாகப் பாவியது அது ஒன்றுதான்.

"நல்லா இருக்கும்மா" என்றார் காது, அலுவலகக் கூட்டத்தில் பார்த்துவிட்டு. "ஆனா மேஜைய எடுத்துடணுமா? வேணுங்கறவங்க எந்திரிச்சு வரட்டுமே. உக்காந்திருக்கிறவங்க உக்காந்திருக்கட்டும்."

"மேஜையோட ஒண்ணு, மேஜை இல்லாம ஒண்ணுன்னு ரெண்டு அறைய வச்சுக்கிட்டு நான் மாரடிக்க முடியாதுங்க" என்றான் எலி, முறுக்கை ஒடித்தபடி.

எல்லோரும் பெரியவளைப் பார்த்தார்கள். மேஜை அவள் போட்டது. "எடுத்துடலாம்" என்றாள்.

"சரி சரி" என்றார் சரிசரி. மேஜை போயிற்று.

பழைய பொம்மைகளுக்கெல்லாம் இடுப்புக்குக் கீழே புதிதாக ஏதாவது ஒட்டவேண்டும் இல்லையா. எல்லோருக்கும் சாதாக் கால் இரண்டைப் போட்டுவிடுகிறேன், பிறகு அவரவர் மாற்றிக்கொள்ளட்டும் என்றான் எலி.

"மீசைப் பொம்மைக்கு மட்டும் நான் போட்டுக்கறேன்" என்றாள் பெரியவள்.

அவன் ஏன் என்று கேட்கவில்லை. யாராவது ஏன் என்று கேட்டிருக்கலாம். மீசைக்கு வலது பக்கம் சாதாக் காலையும் இடது பக்கம் முட்டிக்கு மேலிருந்து அந்த வில்லையும் பொருத்தினாள். தம்பியின் கால் எந்த இடத்தில் முடியும் என்று டாக்டர் பேனாவால் காட்டியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது, அதே இடம். அவன் பார்ப்பான், ஒரு துள்ளுத் துள்ளிப் பார்ப்பான், "அக்கா, பறக்குதுக்கா!" என்று படிக்கட்டுக்குக் கேட்கும்படி கத்துவான் என்று நினைத்தாள். முன்கூட்டிச் சொன்னால் சுவாரசியம் போய்விடும் என்று சொல்லவும் இல்லை.

அன்றைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். சிரிப்பு வரவில்லை. கத்தலும் வரவில்லை. உள்ளே ஏதோ விழுந்த சத்தம்தான் வந்தது. போய்த் திரைச்சீலையை விலக்கினாள். கணினித் திரை மூடியிருந்தது. காதில் மாட்டுகிற கருவி தரையில் கிடந்தது. சின்னவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"என்னடா ஆச்சு?"

அவன் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டான்.

"பிடிக்கலையா? வேற மாத்திக்கலாம்டா, எல்லாம் இருக்கு—"

"யாரு கேட்டா உன்ன?"

"இல்லடா, சும்மா எப்படி இருக்கும்னு நீ பாப்பியேன்னு—"

"அந்த டாக்டர் என் வாயப் பாத்துக்கிட்டு நிக்கறாரு. நான் சரின்னு சொல்லணும்னு. அப்பா நிக்கறாரு. அந்த அம்மா நிக்கறாங்க." திரும்பினான். முகம் சிவந்து வீங்கியிருந்தது. "அவங்கல்லாம் கேட்டுட்டு வெட்டலாம்னு இருக்காங்க. நீ கேக்காமலே வெட்டிட்ட. அவங்க முன்னாடி வச்சு வெட்டிட்ட."

அவள் தரையில் கிடந்த கருவியை எடுத்துத் துடைத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அவன் காதோடு பேசும் அந்த அறைக்குப் போகவில்லை. கெஞ்சினாள், வைதாள், பட்டினி கிடந்தாள். கல்லில் நார் உரித்த கதைதான். எலியிடம் காலில் விழாத குறையாகக் கேட்டு, மீசைக்கு மட்டும் பழைய மேஜையைத் திரும்பப் போட வைத்தாள். முணுமுணுத்தபடியே செய்துகொடுத்தான், நல்லவன். "மேஜை வந்துடுச்சுடா" என்று போய்ச் சொன்னாள்.

"கீழ என்ன இருக்குன்னு இப்பத் தெரியும்ல" என்றான் அவன். அவ்வளவுதான்.

காது ஒரு மதியம் அவள் மேஜைக்கு வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது, அது அவர் தொழிலின் கற்பு. அதனால் வார்த்தை வார்த்தையாகப் பொறுக்கிப் பேசினார்.

"நான் ஒண்ணும் சொல்லக்கூடாதும்மா."

"தெரியும்."

"கிட்ட வந்துட்டிருந்தான்."

"எதுக்குக் கிட்ட?"

காது பெரியவளின் கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்துபோனார். வைதிருந்தால்கூடத் தேவலை.

அந்த வாரக் கூட்டத்தில் சரிசரி வாயெல்லாம் பல்லாக இருந்தார். எங்கோ ஓர் ஊரில், விபத்தில் காலை இழந்த பெண் பிள்ளை அந்த வில்லை மாட்டிக்கொண்டு, ஆலோசகரைப் பேசவிடாமல் அறை முழுக்கக் குதித்துக் குதித்து ஓடியதாம். படுக்கையைவிட்டு எழமாட்டேன் என்று கிடந்த பிள்ளையாம். மறுநாள் தானே ஊன்றுகோலைக் கேட்டதாம். எல்லோரும் கைதட்டினார்கள். எலி மேஜையைத் தட்டினான். கால் நல்ல கால்தான், அதில் ஒரு குறையும் இல்லை. யாரோ பெற்ற பிள்ளைக்கு அது பறந்தது. பெரியவளும் சிரிக்க வேண்டியிருந்தது; புருவத்தை ஒரு கோடு தூக்கி வைத்துக்கொண்டாள்.

சின்னவனுக்கு இருமல் வந்தது. தூசி என்றார்கள். மழை என்றார்கள். வீக்கம் இறுகிப் பளபளவென்று ஆனது. கழிவறைக்குப் போக அவள் தோளைப் பிடிக்க வேண்டும். பிடிக்கும்போதுகூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான்.

ஒரு காலையில், அவள் டம்ளரில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது, "எடுத்துடச் சொல்லு" என்றான்.

முதலில் டம்ளரைச் சொல்கிறான் என்று நினைத்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நெசமாவா?"

"வலிக்குதுக்கா. வேற என்ன. பெருசா ஒண்ணும் யோசிக்கல. வலிக்குது, எடுத்துட்டா போயிடும்ல."

காதும் காரணமில்லை, வில்லும் காரணமில்லை, அக்காவும் காரணமில்லை. வலி வந்து கையைப் பிடித்து முறுக்கி வாங்கிய சம்மதம். எப்படி வந்தால் என்ன, வந்ததே என்று அவள் அழுதாள். அவன், "கஞ்சியில ஊத்தாத, ஏற்கெனவே உப்பு ஜாஸ்தி" என்றான். நெடுநாளைக்குப் பிறகு அவளிடம் அவன் பேசிய கேலி. அப்பாவுக்குப் போன் போட்டாள். "அவன் வாயால சொன்னானா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட மறுநாள் புறப்பட்டு வருவதாகச் சொன்னார். அம்மாவிடம் பதமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றும் சொன்னார். சொல்லவில்லை, அம்மாவிடம் எதையும் பதமாகச் சொல்ல அவருக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

அப்பா வந்து சேர்வதற்கு முன்பே, அறுக்கும் முன் எடுக்க வேண்டிய எல்லாப் படமும் ஆஸ்பத்திரியில் மறுபடி எடுத்தார்கள். டாக்டர் அக்காவையும் தம்பியையும் சேர்த்தே உட்காரவைத்தார். பெரிய மனிதனிடம் பேசுவது போல அவனைப் பார்த்தே பேசினார். வெளிச்சப் பலகையில் நெஞ்சின் படம். இரண்டு பக்கமும், சுவரில் சேறு தெறித்தது போலப் புள்ளிகள்.

"நுரையீரலுக்குப் பரவிடுச்சு. இனிமே கால எடுக்கறதுல அர்த்தம் இல்லப்பா. அது உனக்கு வேதனையத்தான் கூட்டும். மருந்த மாத்திப் பாக்கலாம். வலிக்கு நல்லதாத் தர்றேன்."

சின்னவன் தலையாட்டினான். வகுப்பில் கணக்குப் புரியாமல் தலையாட்டுகிற பிள்ளை மாதிரி அல்ல, புரிந்துதான் ஆட்டினான்.

அவனை வெளியே தள்ளிக்கொண்டு போனபிறகு பெரியவள் மட்டும் திரும்பி வந்து வாசற்படியில் நின்றாள். "முன்னாடியே வந்திருந்தா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்பவே பரவியிருந்தாலும் பரவியிருக்கும்மா. பரவாமலும் இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. தெரியும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க."

ஒரேயடியாக உன்னால்தான் என்று சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழலாம். உன்னால் இல்லை என்றிருந்தால் காலில் விழலாம். இரண்டுக்கும் வழி இல்லாமல் நடைபாதைக்கு வந்தாள்.

சக்கர நாற்காலியைச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். சின்னவன் வீங்கிய முட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"ஜெயிச்சுட்டேன் பாத்தியா. கால் என்கிட்டதான் இருக்கு."

"டேய்..."

"அழாத. எல்லாரும் பாக்கறாங்க." கொஞ்ச நேரம் இருமினான். "அம்மாவுக்கு யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"நீ சொன்னா எதையாவது வரைவ. போனக் கொடு."

கொடுத்தாள். சூளையில் செம்மண் படிந்த கையோடு அம்மா போனை எடுத்திருக்க வேண்டும். பின்னால் கல் அடுக்குகிற சத்தம் கேட்டது.

"அம்மா, நான்தான். ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம். ... இல்லம்மா, கேளு. டாக்டர் பாத்துட்டாரு. கால எடுக்க வேணாம்னு சொல்லிட்டாரு."

அதற்கு மேலும் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அந்தப் பக்கம் எழுந்த சத்தத்தில் அது அப்படியே நின்றது. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தும் நடைபாதை முழுக்கக் கேட்டது. "என் சாமி! என் தங்கமே! நான் கும்பிட்டது வீண் போகலடா! ஏ, இங்க வாங்க, எல்லாரும் வாங்க, என் பிள்ளைக்குக் கால் எடுக்க வேணாமாம்!" சூளையில் யார் யாரோ கூடினார்கள். யாரோ ஒருத்தி குலவை போடுவது போலக் கத்தினாள். அம்மா அழுதாள், சிரித்தாள், கத்தி எடுத்துக்கொண்டு அலைந்த டாக்டர்களையெல்லாம் ஆசை தீர வைதாள்.

சின்னவன் கேட்டுக்கொண்டே இருந்தான். குறுக்கே பேச இரண்டு முறை மூச்சை இழுத்தான். பிறகு போனை அக்காவிடம் நீட்டினான்.

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அவன் நீட்டிய கையை மடக்கவில்லை. வாங்கினாள்.

"பெரியவளே, நெசந்தானா? தம்பி விளையாடலயே? நீ சொல்லு, நீ சொன்னாத்தான் நம்புவேன்."

எதிரே தம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நெசந்தாம்மா" என்றாள். "கால் எடுக்கல."

"எப்படி, முழுசா அனுப்பிடுவாங்களா? எப்ப கூட்டிட்டு வர்றே?"

"சீக்கிரமே கூட்டிட்டு வர்றேம்மா."